பட்டாவில் புஞ்சை, வரைபடத்தில் குடியிருப்பு

“அண்ணே, பட்டாவில் புஞ்சைன்னு போட்டிருக்கு. புரோக்கர் என்னடான்னா ‘ரெசிடென்ஷியல் சோன் சார், கண்ணை மூடிட்டு வாங்குங்க’ங்கறார். ரெண்டுல எது நிஜம்?”

மனை வாங்கக் கிளம்பிய எங்கள் தெருத் தம்பி கேட்ட கேள்வி இது. சென்னையைச் சுற்றி நிலம் தேடுகிற எல்லோரும் ஏதாவது ஒரு டீக்கடையில் யாரிடமாவது இதைக் கேட்டிருப்பார்கள். பதில் சுலபம்: இரண்டும் நிஜம். ஏன் இரண்டும் நிஜம் என்பதைச் சொல்லத்தான் இன்னொரு டீ வேண்டியிருக்கிறது.

ஒரே நிலத்துக்கு அரசாங்கத்தில் பல ஜாதகம் உண்டு. முதலாவது வருவாய்த்துறையினுடையது. நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என்பதெல்லாம் அந்தக் கணக்கு. பாசனம் உள்ள நிலத்துக்கு ஒரு தீர்வை, மானாவாரிக்கு ஒரு தீர்வை என்று வெள்ளைக்காரன் காலத்து செட்டில்மெண்டில் பிரித்து எழுதியது, இன்றைக்கும் பட்டாவிலும் சிட்டாவிலும் அடங்கலிலும் நடமாடுகிறது. அது நிலத்தின் நேற்றைச் சொல்கிறது: இங்கே என்ன விளைந்தது, எவ்வளவு வரி போட்டார்கள் என்று. இரண்டாவது, முழுமைத் திட்டம் என்று சொல்லப்படும் மாஸ்டர் பிளானின் வரைபடம். அது நிலத்தின் நாளையைச் சொல்கிறது: இங்கே என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று. மூன்றாவது, பத்திரப்பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு. அது முத்திரைத்தாள் கட்டணத்துக்கான கணக்கு.

தாசில்தார் அலுவலகத்தில் புஞ்சையாக இருக்கும் இடம் முழுமைத் திட்டத்தில் குடியிருப்பாக இருக்கலாம். தலைகீழாகவும் நடக்கும். நாலு பக்கமும் வீடு வந்து, நடுவில் காலியாகக் கிடக்கும் மனை வரைபடத்தில் இன்னும் விவசாயப் பகுதியாகவே இருக்கும். வீட்டு வரைபட அனுமதி கேட்டுப் போகும்போது முதலில் எடுத்துப் பார்ப்பது இரண்டாவது ஜாதகத்தைத்தான். வீட்டுவரி ரசீதையும் கரண்ட் பில்லையும் நீட்டி “இதோ வீடுன்னு போட்டிருக்கே” என்று வாதாடிப் பயனில்லை.

“சரி, அந்த வரைபடத்தை யார் போட்டது?”

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் மூலம். அதன்கீழ் சென்னைக்கென்று அமைந்தது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. முதல் முழுமைத் திட்டம் 1975-ல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில். அதன் இலக்கு ஆண்டு 2026. மாநகரையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து 1,189 சதுர கிலோமீட்டர். 2026-ல் இந்தப் பரப்பில் ஏறக்குறைய 1.26 கோடிப் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, அவர்கள் எங்கே குடியிருப்பார்கள், எங்கே வேலைக்குப் போவார்கள், தண்ணீர் எங்கே நிற்கும் என்று யோசித்து, சர்வே எண் வாரியாக நிறம் தீட்டினார்கள்.

ஒவ்வொரு நிறமும் ஒரு வகைப்பாடு. ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், அபாயகரமான சிறப்புத் தொழில், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, விவசாயம், நகர்ப்புறமல்லாத பகுதி, நகரமாகத் தக்க பகுதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஆதாரக் குடியிருப்பில் வீடு வரும், தெருமுனைப் பெட்டிக்கடை வரும், சின்னப் பள்ளிக்கூடம் வரும். கல்யாண மண்டபத்துக்கும் பட்டறைக்கும் பேச்சு வேறு. கலப்புக் குடியிருப்பில் கொஞ்சம் தாராளம். விவசாயத்தில் பண்ணை வீடு போன்ற சிலவற்றைத் தவிர வேறொன்றுக்கும் இடமில்லை. எவ்வளவு உயரம், எத்தனை மடங்கு தளப்பரப்பு, பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவைத் திறக்கும் சாவி வகைப்பாடுதான்.

இனி மாற்றத்துக்கு வருவோம். போட்ட நிறத்தை ஏன் மாற்ற வேண்டும்?

ஊர் சும்மா இருப்பதில்லை என்பது ஒரு காரணம். 1975-ல் பெரம்பூரில் பின்னி மில் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. 1996-ல் மில் மூடியது. இன்று அங்கே அடுக்குமாடி. தரமணியில் 2000-ல் டைடல் பார்க் திறந்தபோது பழைய மாமல்லபுரம் சாலையின் இருபுறமும் கிராமங்கள். பத்தே ஆண்டில் அது ஐ.டி. காரிடார். முதல் திட்டத்தில் இலகு தொழில், பொதுத் தொழில் என்று தனித்தனியாக இருந்தவை இரண்டாவதில் ஒரே வகையாயின. நிறத்தின் எல்லை மட்டும் மாறினால் போதாது, நிறங்களின் பட்டியலே காலத்துக்கு ஒருமுறை மாற வேண்டியிருக்கிறது.

இதில் நம் கவனத்துக்கு அதிகம் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு நிலத்துக்குப் பொருத்தமான வகைப்பாடே பட்டியலில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பாருங்கள்.

தென்சென்னைப் புறநகர் ஏரிகளின் உபரிநீர் எல்லாம் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேரும் பாதை அது. ஒரு காலத்தில் சதுப்பு ஐயாயிரம் ஹெக்டேர் வரை பரந்திருந்ததாகச் சொல்வார்கள். வருவாய்த்துறைக் கணக்கில் அது புறம்போக்கு, யாருக்கும் உதவாத தரிசு. விளைச்சல் இல்லை, தீர்வை இல்லை, ஆகவே மதிப்பும் இல்லை. அப்படி எழுதிவைத்த இடத்தில் குப்பை கொட்டலாம் என்று யாருக்கோ தோன்றியதில் ஆச்சரியமில்லை. பெருங்குடி குப்பைக்கிடங்கு அப்படித்தான் வந்தது. அரசு நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தார்கள், சாலை போட்டார்கள், சாலையை ஒட்டி மனைகள் வந்தன. 2007-ல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2008-ன் இரண்டாவது முழுமைத் திட்டம் பள்ளிக்கரணைச் சதுப்பு என்று பெயர் சொல்லித் தனிக் கட்டுப்பாடு விதித்தது. 2022-ல் 1,247 ஹெக்டேருக்கு ராம்சர் என்ற சர்வதேச ஈரநில அந்தஸ்து வந்தது. ஒவ்வொன்றும் நல்ல காரியம்தான். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: சதுப்பு சுருங்கிய பிறகே அதற்குப் பெயர் கிடைத்தது. 1975 வரைபடத்திலேயே ‘வெள்ளநீர் தங்கும் இடம்’ என்று ஒரு நிறம் இருந்திருந்தால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பக்கத்துத் தெருக்களில் படகு விட வேண்டிய நிலை இவ்வளவு மோசமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புக்கும், திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர மணற்பரப்பில் மழைநீர் இறங்கும் பகுதிக்கும் இப்படித் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. வாங்கப் போகிற மனை குடியிருப்பு நிறத்தில் இருந்தாலும் இவற்றில் ஒன்றுக்குள் விழுந்தால் கதை வேறு. ‘சோன் சரியா இருக்கு’ என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடுபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

“அண்ணே, அப்போ மாத்தறது யார் கையில? மந்திரி கையிலயா?”

தம்பி சிரித்துக்கொண்டே கேட்டாலும் கேள்வி நியாயமானது. மாற்றம் இரண்டு வாசல் வழியாக வருகிறது. ஒன்று பெரிய வாசல்: திட்டத்தை முழுதாக மறுஆய்வு செய்வது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. நடைமுறை அப்படியில்லை. சென்னைக்கு முதல் திட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே 33 ஆண்டு. கோவையில் 1994-ல் ஒப்புதலான திட்டத்தை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டு ஓட்டினார்கள். சிங்கப்பூரில் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது திட்டத்தைத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும் என்பது சட்டம், பார்க்கவும் பார்க்கிறார்கள்.

பெரிய வாசல் பூட்டியே கிடந்தால் ஜனம் என்ன செய்யும்? பக்கத்துச் சின்னக் கதவைத் தட்டும். அதுதான் நில உபயோக மாற்றம். ஆபீசிலும் புரோக்கர் வட்டாரத்திலும் ‘ரீகிளாசிஃபிகேஷன்’. நிலத்துக்காரர் தன் சர்வே எண்ணுக்கு மட்டும் நிறம் மாற்றக் கேட்டு எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் மனு போடுவார். பட்டா, பத்திரம், வில்லங்கம், புலப்படம் எல்லாம் வைக்க வேண்டும். இடத்தைப் பார்வையிடுவார்கள். அணுகுசாலை எவ்வளவு அகலம், பக்கத்தில் வாய்க்கால் உண்டா, ஏரிக்கரை எவ்வளவு தூரம், சுற்றிலும் என்ன கட்டடம் வந்திருக்கிறது என்று குறிப்பெடுப்பார்கள். உள்ளாட்சி, வருவாய்த்துறை, நீர்வளத்துறை போன்றவற்றிடம் கருத்துக் கேட்பார்கள். பிறகு பத்திரிகையில் விளம்பரம். ஆட்சேபணை வந்தால் பரிசீலித்து, தொழில்நுட்பக் குழுவும் குழுமமும் முடிவெடுத்து, திட்டத்தைத் திருத்தி அரசிதழில் வெளியிட்டால் நிறம் மாறிவிடும். சட்டத்தின் 32-ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது.

அந்த விளம்பரத்தை ஒருநாளாவது படித்திருக்கிறீர்களா? காலைப் பத்திரிகையில் கோர்ட் நோட்டீசுக்கும் ஏல அறிவிப்புக்கும் நடுவே, பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் இருக்கும். மாவட்டம், வட்டம், கிராமம் என்று தொடங்கும். பிறகு சர்வே எண்கள்: மாதிரிக்குச் சொன்னால் 112/3அ2, 112/3ஆ, 113/1பகுதி என்கிற தினுசு. பிறகு பரப்பளவு, ஹெக்டேரிலோ சதுர மீட்டரிலோ. அதன் பிறகு எல்லாம் அடங்கிய ஒரே வாக்கியம்: ‘விவசாய உபயோகப் பகுதியிலிருந்து ஆதாரக் குடியிருப்பு உபயோகப் பகுதியாக மாற்ற உத்தேசிக்கப்பட்டுள்ளது, ஆட்சேபணையோ ஆலோசனையோ இருப்பின் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.’ கீழே உறுப்பினர் செயலர். அவ்வளவுதான். வரைபடம் இல்லை, பக்கத்தில் ஏரி இருக்கிறதா என்ற குறிப்பு இல்லை. இந்தப் பக்கத்தில் தன் கிராமத்தின் பெயர் வந்திருப்பதை அந்தக் கிராமத்துக்காரர் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஆனால் அங்கே ‘பகுதி’ என்ற ஒரு சொல்லைக்கூட விடாமல் படிக்க வேண்டும். சர்வே எண் முழுவதற்குமா, அதில் ஒரு துண்டுக்கு மட்டுமா என்பதை அதுதான் சொல்லும். மாறாத துண்டு உங்கள் தலையில் கட்டப்படலாம்.

தனித்தனி மாற்றம் எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. அப்பா காலத்து நிலத்தில் ஒரு வீடு கட்டிக்கொள்ள முடியாமல், சுற்றிலும் ஊரே எழும்பிவிட்ட பிறகும் வரைபடத்தில் விவசாயம் என்று இருப்பதால் அல்லாடுகிறவர்களுக்கு வேறு கதி கிடையாது. பிரச்சினை எண்ணிக்கையில் இருக்கிறது. ஒவ்வொரு மனுவும் தனியாகப் பார்த்தால் நியாயம். சேர்த்துப் பார்த்தால் திட்டமே காணாமல் போயிருக்கும். புள்ளி வைத்த கோலத்தில் வருவோர் போவோர் ஆளுக்கொரு புள்ளியை நகர்த்திவைத்த மாதிரி. ஒரு துண்டு விவசாய நிலம் அடுக்குமாடியானால் அதன் மழைநீர் பக்கத்துத் தெருவுக்கு இறங்கும், அதன் கழிவுநீர் அந்த வார்டின் குழாய்க்குப் போகும், அதன் கார்கள் இருபதடிச் சாலையில் நிற்கும். மழைநீர் வடிகாலுக்கு அளவெடுத்தவர் பழைய நிறத்தை வைத்துக் கணக்குப் போட்டிருப்பார். மனுவைப் பரிசீலிப்பவர் முன்னால் அந்த ஒரு துண்டின் கோப்புதான் இருக்கும். கூட்டுத்தொகை யார் மேசையிலும் இருக்காது.

பணமும் சும்மா இருக்காது. விவசாய நிறத்தில் ஏக்கர் கணக்கில் விலை பேசிய நிலம், குடியிருப்பு நிறம் வந்த மறுநாள் சதுரடிக் கணக்கில் விலை பேசும். நிலத்தில் ஒரு மண்வெட்டி விழாமலே வந்த லாபம் இது. எந்தப் பக்கம் நிறம் மாறப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு உழைப்பே வேண்டாம். இந்த இடத்தில் வெளிப்படைத்தன்மை குறைந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஜப்பானில் ஒரு காரியம் செய்தார்கள், எனக்குப் பிடித்தது. அங்கே நகரத்துக்குள் மிஞ்சியிருக்கும் வயல்களை வெகுகாலம் ‘என்றாவது வீடாகப் போகிற இடம்’ என்றுதான் பார்த்தார்கள். பிறகு மக்கள்தொகை குறைய ஆரம்பித்ததும், வயல் நகரத்தில் இருக்க வேண்டிய ஒன்று என்று எண்ணம் மாறியது. ஏற்கெனவே 1992-ல் எட்டிலிருந்து பன்னிரண்டாக்கிய நகர வகைப்பாடுகளோடு 2018-ல் பதின்மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: வயலும் தாழ்வான வீடுகளும் சேர்ந்திருக்கும் பகுதி. விளைந்ததை விற்கச் சின்னக் கடை வைக்கலாம், வயலோரம் ஒரு உணவகம் நடத்தலாம். சென்னைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்; நம் ஜனத்தொகை குறையவில்லை. ஆனால் விவசாயம் என்கிற நிறத்தை நாம் இன்னும் ‘அடுத்து வரப்போகும் மனை’ என்றே படிக்கிறோம். ஏரி ஆயக்கட்டு நிலத்துக்கும், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓரத்துக்கும் தனி வகைப்பாடு வேண்டும் என்பேன். ஏரியை மட்டும் நீலமாக வரைந்துவிட்டு, அதற்குத் தண்ணீர் வரும் வழியை மனைகளுக்கு விட்டுவிட்டால் அந்த நீலத்தால் என்ன லாபம்?

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். “என் நிலத்துக்குப் பச்சை அடிச்சுட்டாங்க, இனி ஒண்ணும் செய்ய முடியாது” என்று புலம்பும் சிறு நிலக்காரர்கள் உண்டு. ஊருக்குப் பூங்கா வேண்டும் என்பது சரி. அதற்கான விலையை ஒருவர் மட்டும் கொடுப்பது சரியல்ல. பொதுக் காரியத்துக்கென்று திட்டத்தில் ஒதுக்கிய தனியார் நிலத்தை மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருத வேண்டும் என்று அதே சட்டத்தின் 38-ஆவது பிரிவு சொல்கிறது. இதை வைத்து நீதிமன்றம் போய் நிலத்தை மீட்டவர்கள் இருக்கிறார்கள். விளைவு இரட்டை நஷ்டம்: நிலக்காரர் வருடக்கணக்கில் அலைந்திருப்பார், கடைசியில் ஊருக்குப் பூங்காவும் இருக்காது. பணம் ஒதுக்காமல் பச்சை மட்டும் தீட்டுவதை நான் திட்டமிடல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நிறம் மாறினால் இருக்கிற கட்டடத்தை இடிக்க வருவார்களோ என்ற பயமும் வேண்டாம். முறைப்படி வந்த ரைஸ் மில், பிறகு அந்தத் தெரு குடியிருப்பு நிறமானாலும் ஓடிக்கொண்டிருக்கும். விரிவாக்கவோ புதிதாகக் கட்டவோ போகும்போதுதான் புது நிறம் குறுக்கே நிற்கும்.

தம்பிக்குத் தேவையான கதைக்கு வருகிறேன். நிற மாற்றம் வேறு, மனைப்பிரிவு அனுமதி வேறு, கட்டட அனுமதி வேறு. மூன்றும் மூன்று படி. ‘நில உபயோக மாற்றம் ஆகிவிட்டது’ என்பதை ‘அப்ரூவல் ஆகிவிட்டது’ என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். ‘விண்ணப்பித்திருக்கிறோம்’ என்பது படியே அல்ல. அனுமதி பெற்ற மனைப்பிரிவு என்றால் வரைபட எண் இருக்கும், சாலைகள் தானப்பத்திரத்தில் உள்ளாட்சிக்குப் போயிருக்கும், பெரிய மனைப்பிரிவாக இருந்தால் பத்தில் ஒரு பங்கு ஓ.எஸ்.ஆர். என்ற திறந்தவெளியாக விடப்பட்டிருக்கும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்டதும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்ததும் மறந்திருக்காது. மறு ஆண்டில் வரன்முறைத் திட்டம் வந்தது. ஆனால் 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்து விற்கப்பட்டவற்றுக்குத்தான் அது.

நிறத்தைப் பார்க்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் காட்டும். உங்கள் பட்டாவில் 112/3அ2 என்று இருந்து அங்கே கிடைக்காவிட்டால் 112/3 என்றோ வெறும் 112 என்றோ தேடுங்கள். உட்பிரிவு பிறகு வந்ததாக இருக்கும். திரையில் தெரிவதை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாமல், எழுத்துபூர்வமாக நில உபயோகச் சான்று கேட்டு வாங்குங்கள்.

இது எல்லாம் இப்போது ஏன் அவசரம் என்றால், பெரிய வாசல் திறக்கப்போகிறது. 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். பழையதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. அரக்கோணம் பக்கம்வரை போகிறது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கான வேலை நடக்கிறது. திட்டத்துக்குள் வரும் கிராமங்களின் ஏரி, ஆயக்கட்டு, மேய்ச்சல் நிலம் எல்லாவற்றுக்கும் அதில் நிறம் விழும். வரைவு வெளியானதும் ஆட்சேபணைக்குக் கெடு வைப்பார்கள். கெடு முடிந்த பிறகு புலம்புவதை யாரும் பதிவு செய்துகொள்ள மாட்டார்கள்.

ஆகவே வரைவு வரும் நாளில் உங்கள் சர்வே எண்ணைப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல் உங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலின் சர்வே எண்களையும் எடுத்து, அவற்றுக்கு என்ன நிறம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். தப்பாக இருந்தால் ஒரு பக்கத்தில், தமிழிலேயே, சர்வே எண் குறிப்பிட்டு எழுதி, பதிவுத்தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.